சிறைக்குள் வளரும் தவளைகளும் மரப்பாசியும்: எதைக் கற்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும்?

காட்டுமுல்லை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 31 ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பாசித் தாவரங்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒரு சிறைச்சாலையைப் பற்றி மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். அதை இங்கே சற்று விரிவாக எழுதி உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் காடுகளில் மழை மிகுதி. முதிர்ந்த மரங்களின் கிளைகளில் மரப்பாசி மெத்தை விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். பூங்கொத்துகளை அலங்கரிக்கவும் தொட்டிச் செடிகளின் அடிமண்ணை மூடவும் பூக்கடைக்காரர்கள் அதை வாங்குவதால், காட்டுக்குள் சென்று கிளை கிளையாக உரித்து மூட்டை கட்டி விற்பது அங்கே ஒரு வணிகமாகவே வளர்ந்துவிட்டது. உரித்த கிளையில் பாசி பழையபடி அடர்ந்து வளர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். மர உச்சிகளுக்குக் கயிறு கட்டி ஏறி ஆராய்ச்சி செய்த சூழலியலாளர் நளினி நட்கர்னி அப்போது ஒலிம்பியா நகரின் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பாசியைக் காட்டிலிருந்து உரிக்காமல் பயிர் செய்ய வழியுண்டா என்று அறிய அவர் விரும்பினார். அதற்கு இடம் வேண்டும், நாள்தோறும் நீர் தெளித்து அளந்து குறித்துவைக்கும் ஆட்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அவசரமில்லாத பொழுது வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடத்தைத் தேடி, 2004இல் காட்டின் நடுவே அமைந்த சீடர் கிரீக் என்னும் குறைந்த காவல் கொண்ட ஆண்கள் சிறையை அவர் அடைந்தார்.

பாசி இதற்கு மிகப் பொருத்தமான தாவரம். காய்ந்து சுருண்டு கிடந்தாலும் நீர் பட்டால் மீண்டும் பசுமையாகிவிடும். தொடக்கநிலைத் தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும். வெட்டுக்கருவி எதுவும் தேவையில்லை என்பதால் சிறை அதிகாரிகளுக்கும் அச்சமில்லை. சிறைவாசிகள் பாசி வகைகளைப் பிரித்தறியக் கற்றார்கள். எவ்வளவு நீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த வகைக்கு எது ஏற்றது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் விடுதலையான பின் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தார்.

அந்தச் சிறையின் அப்போதைய கண்காணிப்பாளர் டான் பச்சோல்கி இந்த முயற்சியை உள்ளிருந்து தாங்கிப் பிடித்தவர். உணவுக் கழிவை உரமாக்குவது, மழைநீரைச் சேமிப்பது, காய்கறித் தோட்டம், தேனீ வளர்ப்பு என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 2008இல் மாநிலச் சிறைத்துறையும் எவர்கிரீன் கல்லூரியும் முறைப்படி ஒப்பந்தம் செய்துகொண்டு, சிறைகளில் நிலைத்த வளம் பேணும் திட்டமாக இதைப் பல சிறைகளுக்கு விரிவாக்கின. 2009இல் சீடர் கிரீக்கில் ஒரிகன் புள்ளித் தவளையின் முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். 2011இல் மிஷன் கிரீக் பெண்கள் சிறையில் அழிவின் விளிம்பில் இருந்த ஒரு பட்டாம்பூச்சியை வளர்க்கத் தொடங்கினார்கள்.

என் மனத்தைத் தொட்டது தவளைகளின் எண்ணிக்கையன்று. சிறைக்குள் ஒருவரிடம் நாள் முழுவதும் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் அவர் எங்கே நிற்கிறார், என்ன வைத்திருக்கிறார், எப்போது திரும்புவார் என்பவையே. "இன்று என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டு, அவர் சொன்ன விடையை ஆய்வுக் குறிப்பேட்டில் ஏற்றுக்கொண்ட இடம் இது. நம் நாட்டுச் சிறைகளில் இப்படி ஒன்றை ஏன் செய்யக் கூடாது?

மண்வாசம் எழுதியது:

அம்மா, மிகவும் மகிழ்ச்சி. ஈரோட்டுப் பக்கம் மண்புழு உரம் தயாரித்து விற்கிறேன். கிளைச்சிறை ஒன்றின் அதிகாரி, சிறைவாசிகளுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று சென்ற மாதம் என்னைக் கேட்டார். இன்னும் விடை சொல்லவில்லை. அங்கே அமெரிக்காவில் மண்புழு உரம் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். இந்த இழையை நான் தொடர்ந்து படிப்பேன்.

டகோமாவாசி எழுதியது:

மண்வாசம் அவர்களுக்கு: நான் அதே வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்குள்ள மன்ரோ சிறைவளாகத்தில் 2010இல் சிறைவாசிகள் வளாக மண்ணிலிருந்தே சில நூறு புழுக்களைத் தோண்டியெடுத்துத் தொடங்கினார்கள்; பின்னாளில் அது பல லட்சக்கணக்கான புழுக்கள் கொண்ட பெரிய பண்ணையாயிற்று. பெட்டிகளைப் பழைய மரப்பலகை, பழைய தொட்டி போன்ற கழிவுப் பொருள்களைக் கொண்டு அவர்களே செய்தார்கள். சிறைச் சமையலறையில் மிஞ்சும் உணவு புழுக்களுக்குப் போகிறது. அதனால் குப்பை ஏற்றிச் செல்லும் செலவு குறைகிறது. காட்டுக்குள் தனித்து நிற்கும் சிறைகளுக்கு வேறொரு பயனும் உண்டு: உணவுக் கழிவு சாக்கடையில் கலக்காதபோது அவற்றின் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சுமை குறையும்.

அம்மா குறிப்பிட்ட பட்டாம்பூச்சியைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும். அதன் கதை புரிந்தால்தான் சிறைக்குள் அதை ஏன் வளர்க்கிறார்கள் என்பது புரியும். அதன் பெயர் டெய்லர்ஸ் செக்கர்ஸ்பாட். செம்மஞ்சள், கறுப்பு, வெண்மை ஆகிய மூன்றும் கட்டம் கட்டமாக அமைந்த சிறிய பூச்சி. பியூஜெட் சவுண்ட் கடற்கழியின் தெற்கே ஒருகாலத்தில் பரந்து கிடந்த புல்வெளிகளே அதன் வீடு. பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாகப் புல்லுக்குத் தீயிட்டு, காமாஸ் என்னும் கிழங்கை அறுவடை செய்து, மரங்கள் அங்கே ஏறிவிடாமல் காத்துவந்தார்கள். குடியேற்றம் வந்த பிறகு தீ நின்றது, டக்ளஸ் ஃபிர் மரங்கள் புகுந்தன, மிச்ச நிலம் வீடும் சாலையும் வயலுமாயிற்று. எஞ்சிய புல்வெளி பழைய பரப்பில் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே. அதிலும் பெரும்பகுதி எங்கே தப்பியது தெரியுமா? லூயிஸ் மெக்கோர்ட் இராணுவத் தளத்தின் பீரங்கிப் பயிற்சிக் களத்தில். குண்டுகள் மூட்டிய தீ, பழங்குடியினர் இட்ட தீயின் வேலையைத் தற்செயலாகச் செய்துவந்ததால் மரங்கள் அங்கே வேரூன்றவில்லை.

அந்தப் பூச்சியின் வாழ்க்கை வட்டம் பொறுமையைக் கேட்பது. வசந்தத்தில் முட்டை பொரியும். புழு சில வாரங்கள் தின்றுவிட்டு, கோடை வெயில் தொடங்கும்போது உறங்கத் தொடங்கி, இலையுதிர்காலத்தையும் குளிர்காலத்தையும் உறக்கத்திலேயே கழித்து, ஏறத்தாழப் பிப்ரவரியில் விழிக்கும். விழித்த புழுக்களில் பெரும்பாலானவற்றைப் புல்வெளியில் விடுவார்கள். சிலவற்றை அடுத்த தலைமுறைக்காக வைத்துக்கொள்வார்கள். ஒரிகன் விலங்குக் காட்சியகம் வகுத்த முறைப்படி மிஷன் கிரீக் சிறைப் பெண்கள் ஒவ்வொரு கிண்ணத்தையும் நாள்தோறும் சுத்தம் செய்து, புது இலை வைத்து, எத்தனை உயிரோடு உள்ளன என்று எண்ணிக் குறித்துவந்தார்கள். தாய்ப்பூச்சி எந்தச் செடியில் முட்டையிட விரும்புகிறது என்ற சோதனையும் அங்கே நடந்தது. காட்டில் எந்தச் செடியை நடவேண்டும் என்ற முடிவுக்கு இத்தகைய விவரங்களே அடிப்படை. 2013இல் அமெரிக்க மத்திய அரசு இப்பூச்சியை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தது.

புல்வெளிச் செடிகளுக்கும் இதே வழிதான். ஸ்டாஃபர்ட் கிரீக் போன்ற சிறைகளின் நாற்றங்கால்களில் புல்வெளிக்குரிய செடிகளை வளர்த்து அனுப்புகிறார்கள். அவற்றுள் கோல்டன் பெயின்ட்பிரஷ் என்னும் மஞ்சள் பூச்செடி 1997இல் அச்சுறுத்தலுக்குள்ளான தாவரமாகப் பட்டியலிடப்பட்டது. போதிய அளவு மீண்டுவிட்டதால் 2023இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பல நிறுவனங்களின் பல ஆண்டு உழைப்பு அது. சிறை நாற்றங்கால்களின் கைகளும் அதில் இருந்தன.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மதிப்பிற்குரிய காட்டுமுல்லை அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் வழக்கறிஞர். நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். இந்தத் திட்டத்தைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் "பசுமை" என்ற சொல் சிறைக்குள் நுழையும்போது அதனுடன் வேறென்ன நுழைகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்க அரசியலமைப்பின் 1865ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது என்று படிக்கிறோம். குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்புக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து அது விலக்கு அளித்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மாநில அரசியலமைப்பிலும் அத்தகைய விதிவிலக்கு உண்டு. அதை நீக்கும் முன்மொழிவு 2024 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. அதே மாநிலத்தில்தான் சிறைவாசிகள் காட்டுத்தீயை எதிர்த்து முன்வரிசையில் நிற்கிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றியெரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகள் அங்கே பணிபுரிந்தார்கள். அப்போது அவர்களுக்கான ஊதியம் நாளொன்றுக்கு 5.80 முதல் 10.24 டாலர், அவசரகாலப் பணியின்போது மணிக்குக் கூடுதலாக 1 டாலர். விருப்பப்பட்டு வருகிறார்கள் என்பதும், பணிசெய்த நாள்களுக்கேற்பத் தண்டனைக் காலம் குறையும் என்பதும் உண்மை. ஆயினும் இதே மனிதர்கள் விடுதலையான பிறகு தீயணைப்புத் துறையில் சேர முயன்றால், பழைய குற்றப்பதிவு நெடுங்காலம் வழியை மறித்தது. அந்தப் பதிவை நீக்கக் கோரும் வாய்ப்பைத் தந்த சட்டம் 2020இல்தான் வந்தது. சமூகத்துக்குச் செய்த சேவையைச் சமூகம் ஏற்றுக்கொண்டது, செய்தவரை ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது.

இன்னொன்று இதைவிடக் கொடியது. மின்னணுக் கழிவு மறுசுழற்சி என்பது கேட்பதற்கு எவ்வளவு பசுமையான சொல்! அமெரிக்க மத்திய அரசின் சிறைத் தொழில் நிறுவனமாகிய யூனிகோர் 1990களின் பிற்பகுதியில் சிறைகளுக்குள் பழைய கணினிகளைப் பிரித்தெடுக்கும் கூடங்களைத் தொடங்கியது. பழைய கணினித் திரைகளின் கண்ணாடிக் குழாய்களைச் சிறைவாசிகள் சுத்தியலால் உடைத்தார்கள். அக்கண்ணாடியில் ஈயம் உண்டு, பூச்சில் காட்மியம் உண்டு. நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பல ஆண்டுகள் விசாரித்து 2010இல் வெளியிட்ட அறிக்கை, சிறைவாசிகளும் ஊழியர்களும் போதிய பாதுகாப்பின்றி இந்நஞ்சுகளுக்கு உள்ளாக்கப்பட்டதை உறுதிசெய்தது. ஒரு சிறையின் பாதுகாப்பு அலுவலரே வெளிப்படையாகக் குரல் கொடுத்ததால்தான் அந்த விசாரணை தொடங்கியது.

ஆகவே என் கேள்வி இதுதான். தவளை வளர்ப்பதற்கும் கண்ணாடிக் குழாய் உடைப்பதற்கும் சிறை நிர்வாகத்தின் ஏட்டில் ஒரே பெயர், "சுற்றுச்சூழல் பணி". இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் நம்மிடம் உண்டா?

நெடுவழி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒரு சொல். வாஷிங்டன் திட்டத்தில் தவளை வளர்ப்போருக்கும் மணிக்கு 1 டாலருக்குக் குறைவாகவே ஊதியம் தரப்பட்டது என்று படித்திருக்கிறேன். அதே வேலையை விலங்குக் காட்சியகத்தில் செய்பவருக்குக் கிடைப்பதில் அது எத்தனையில் ஒரு பங்கு?

மேலும், தவளைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் குறைந்த காவல் சிறையில், நன்னடத்தையோடு, விடுதலையை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் வெளியே வந்து ஒழுங்காக வாழ்ந்தால் அதன் பெருமை தவளைக்கு உரியதா, தேர்வுக்கு உரியதா? இதுபோன்ற திட்டங்களைப் பற்றி எழுதுவோர் இதை எப்போதும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

டகோமாவாசி எழுதியது:

நெடுவழி அவர்களே, ஊதியம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தேர்வு பற்றிய கேள்வியும் சரியே. மீண்டும் குற்றம் செய்வதைத் தவளை தடுக்கிறது என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன்.

ஆனால் இயற்கையின் விளைவை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று உண்டு. நட்கர்னி 2011இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிறகு, தோட்டத்துக்குக்கூட வர அனுமதியில்லாத தனிமைச் சிறைவாசிகளைப் பற்றிச் சிந்தித்தார். ஒரிகன் மாநிலத்தின் ஸ்னேக் ரிவர் சிறையில், நாளில் 23 மணி நேரம் சன்னல் இல்லாத அறையில் அடைபட்டிருப்போருக்காக 2013இல் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதன் சுவரில் காடு, கடல், மேகம், ஆறு ஆகியவற்றின் காணொளிகள் ஓடும். அதை நீல அறை என்று அழைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் பார்க்க, மற்றொரு பிரிவினர் பார்க்காமல், ஓராண்டு ஒப்பிட்டார்கள். பார்த்த பிரிவினரிடம் வன்முறை மீறல்கள் 26 விழுக்காடு குறைவு என்று 2017இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நன்னடத்தை பெற்றவர்களைப் பொறுக்கியெடுத்துச் செய்த ஆய்வன்று இது. சிறையே மிகக் கடினமானவர்கள் என்று ஒதுக்கிவைத்தவர்களிடம் செய்தது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

நண்பர் டகோமாவாசிக்கு: அந்த 26 விழுக்காட்டை நான் மதிக்கிறேன். அத்தோடு ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளையும் வைத்துப் பாருங்கள். நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச் சிறை என்றும், அது தொடர்ந்து 15 நாள்களைத் தாண்டினால் நீடித்த தனிமைச் சிறை என்றும் வரையறுத்து, அதை அவ்விதிகள் தடைசெய்கின்றன. சன்னலற்ற அறைக்குக் காட்டின் படம் காட்டுவது அந்த அறையைத் தாங்கக்கூடியதாக்குகிறது. தாங்கக்கூடியதாகிவிட்ட அறையை மூட யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்பதே என் கவலை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். காட்டுமுல்லை அம்மா "ஏன் செய்யக் கூடாது?" என்று கேட்டார்கள். செய்யலாம். ஆனால் மண்வாசம் அவர்கள் கிளைச்சிறைக்குள் புழுத்தொட்டியுடன் நுழைவதற்கு முன், அங்கே குப்பையைக் கையாளும் வேலை இதுவரை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. பல மாநிலச் சிறை விதிகளில், சமையல் வேலையை இன்ன சாதியாருக்கும் துப்புரவு வேலையை இன்ன சாதியாருக்கும் ஒதுக்கும் பிரிவுகள் ஆங்கிலேயர் காலத்திலிருந்து அப்படியே தொடர்ந்துவந்தன. அவற்றை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு நீக்கியது. மூன்று மாதங்களுக்குள் விதிகளைத் திருத்த வேண்டும், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே அகற்ற வேண்டும் என்றும் ஆணையிட்டது. அத்தீர்ப்பில் எங்கள் ஊரும் இடம்பெற்றது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் சிறைவாசிகளை வைத்திருந்ததை, மோதலைத் தவிர்க்கும் ஏற்பாடு என்ற காரணத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னர் ஏற்றிருந்தது. ஒழுங்கைக் காப்பதற்குச் சாதிவாரிப் பிரிவினை வழியாகாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்க மறுத்தது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்தப் பத்திகளைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

வாஷிங்டனில் உணவுக் கழிவைப் புழுவுக்கு இடுகிறவர் சூழலியல் கற்கிறார். இங்கே அதே கழிவு வாளியைத் தூக்குகிறவரின் சாதியை வளாகமே பார்த்துக்கொண்டிருக்கும். வேலை ஒன்றேதான், பொருள் ஒன்றல்ல. விதியிலிருந்து ஒரு வரி நீங்கிவிட்டது என்பதற்காக வழக்கத்திலிருந்தும் அது நீங்கிவிட்டது என்று எண்ண முடியாது. "மண்புழு உரப் பிரிவு" என்ற புதுப் பெயரில் பழைய பங்கீடு திரும்பிவர நாம் வழி செய்துவிடக் கூடாது.

காட்டுமுல்லை எழுதியது:

தாமிரபரணிக்கரை அவர்களுக்கும் நெடுவழி அவர்களுக்கும் என் நன்றி. உடனே விடை எழுத முடியவில்லை. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். யூனிகோர் செய்தி எனக்குப் புதிது. துப்புரவு வேலை பற்றிய செய்தி எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது, ஆனால் நான் எழுதும்போது அதை எண்ணவேயில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கழிவைத் தொட்டு வேலை செய்வது என் வகுப்பறையில் அறிவியல். அதை அறிவியலாக மட்டுமே பார்க்கும் வசதி எனக்குப் பிறப்பால் கிடைத்தது.

அளவுகோல் உண்டா என்று கேட்டீர்கள். என் பார்வையில் முதல் அளவுகோல் குறிப்பேடு யாருடையது என்பது. தவளைத் தொட்டியின் பக்கத்தில் நிற்பவர் நீரின் வெப்பத்தையும் தலைப்பிரட்டைகளின் எண்ணிக்கையையும் தாமே எழுதுகிறார். ஏதேனும் ஒன்று நோயுற்றால் முதலில் கண்டறிபவர் அவர். எப்போது தீனி கூட்ட வேண்டும் என்று விலங்கியலாளரிடம் சொல்பவரும் அவரே. தவளைக்குத் தீனியாக வெட்டுக்கிளி இனத்துச் சில்வண்டுகளையும் அவர்களே வளர்த்தார்கள். முட்டையிலிருந்து இளந்தவளையாகும் வரையிலான மாதங்களில்தான் மீனும் பெருந்தவளையும் அவற்றைப் பெருமளவில் தின்றுவிடும். அந்த மாதங்களைத் தொட்டியில் கடத்தி, இலையுதிர்காலத்தில் ஈரநிலத்தில் விடுவதே முறை. இடையில் ஒரு வாரம் கவனம் தவறினாலும் அந்த ஆண்டின் உழைப்பு போய்விடும். இத்தனை பொறுப்பைத் தருகிற வேலை, தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையில் ஒரு நம்பிக்கையை உண்டாக்காமல் இருக்க முடியாது. கண்ணாடிக் குழாயை உடைத்தவரிடம் யாரும் குறிப்பேடு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தம் இருமலையும் தோல் அரிப்பையும் அவர் அதில் எழுதியிருப்பார். உண்மை பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருக்கும்.

இரண்டாவது, மறுக்கும் உரிமை. இந்த வேலை வேண்டாம் என்று சொன்னவரின் நன்னடத்தை மதிப்பெண் குறையுமானால் அது விருப்பப் பணியன்று. மூன்றாவது, ஊதியம். இதில் நான் முன்பு மௌனமாக இருந்தது தவறு. கற்றுக்கொள்வதே ஊதியம் என்று சொல்ல ஆசிரியர்களாகிய நமக்கு நாக்கு எளிதில் புரளும். கற்பித்ததற்காக நான் 31 ஆண்டுகள் சம்பளம் வாங்கியவள்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நம் நாட்டில் சிறைவாசிகளின் ஊதியம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அம்மா, உங்கள் மனந்திறந்த விடைக்கு வணங்குகிறேன்.

1998இல் குஜராத் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் தண்டனை பெற்றவர்களை வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான ஊதியம் தந்தாக வேண்டும் என்று கூறி, அதை நிர்ணயிக்க மாநிலங்கள் குழு அமைக்க வேண்டும் என்றது. ஈட்டும் தொகையில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கும் ஏற்பாட்டையும் அது பரிந்துரைத்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சிறை ஊதியத்துக்கும் உள்ள இடைவெளி இன்றும் பெரிது.

வாஷிங்டன் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைச் சிறைவாசிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்களை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் எப்போது பிணையில் போவார்கள், எப்போது வேறு சிறைக்கு மாற்றப்படுவார்கள் என்றும் தெரியாது. மாதக்கணக்கில் உறங்கும் பட்டாம்பூச்சிப் புழுவுக்கு அவர்களால் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? நீண்ட தண்டனை பெற்றவர்கள் பயிர் செய்து வாழும் திறந்தவெளிச் சிறைகளில் ஆண்டுக்கணக்கான திட்டங்களைத் தொடங்கலாம். சிவகங்கை அருகே புரசடை உடைப்பில் அத்தகைய சிறை இருக்கிறது. கிளைச்சிறைக்கு ஏற்றவை சில வாரங்களில் பலன் காணும் வேலைகளே. அந்த வகையில் மண்புழு உரம் தகுந்த தேர்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெடுவழி எழுதியது:

கிளைச்சிறையில் பெரும்பாலும் விசாரணைச் சிறைவாசிகள்தானே? அப்படியானால் மண்வாசம் அவர்கள் அங்கே கற்றுக்கொடுப்பது சட்டப்படி சரியா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

சரியே. தாமாக விரும்பி முன்வரும் விசாரணைச் சிறைவாசிகளுக்கு வேலையும் அதற்கான ஊதியமும் தரலாம் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு கூறுகிறது. விருப்பத்தை எழுத்தில் பெற வேண்டும். அதை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மண்வாசம் எழுதியது:

உங்கள் எல்லாருடைய எழுத்தையும் என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். அதிகாரியிடம் வருகிறேன் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். சில கோரிக்கைகளையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். கழிவு வாளியை எடுத்து வருவது, பிரிப்பது, தொட்டியில் இடுவது, சலிப்பது, எடைபோடுவது ஆகிய எல்லா வேலைகளையும் பயிற்சிக்கு வருகிற அனைவரும் முறைவைத்து மாறி மாறிச் செய்ய வேண்டும். முதல் வாளியை நான் தூக்குவேன். கழிப்பறைக் கழிவுக்கும் இந்தத் தொட்டிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. கையுறை, மண்வெட்டி, சல்லடை ஆகியவற்றை நிர்வாகம் தர வேண்டும். உரம் விற்ற பணத்தின் கணக்கு வேலை செய்தவர்களின் கண்ணில் படும்படி சுவரில் எழுதப்பட வேண்டும். ஊதியம் எவ்வளவு என்பதற்கு மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாக அதிகாரி கூறினார். மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்டார்.

காட்டுமுல்லை அம்மா, குறிப்பேடு பற்றி நீங்கள் எழுதியதால் 10 நோட்டுப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். தொட்டியின் ஈரம், சூடு, வாடை, புழு மேலே வருகிறதா அடியில் போகிறதா என்று நாள்தோறும் எழுதச் சொல்லப் போகிறேன். ஒருவர் பாதியில் விடுதலையாகிப் போனாலும் அடுத்தவர் அந்தப் பக்கத்திலிருந்து தொடரலாம். போகிறவர் தம் பக்கங்களின் நகலை எடுத்துச் செல்லலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

புழு எது கொண்டுபோவது என்பதிலும் உங்கள் கருத்து வேண்டும். என் பண்ணையில் ஆப்பிரிக்க வகையும் நாட்டு வகையான பெரியோனிக்ஸும் உள்ளன. ஆப்பிரிக்க வகை வேகமாகத் தின்னும். சித்திரை வெயிலில் அது துவண்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன், ஏனென்றால் தொட்டி வைக்கத் தந்துள்ள இடத்தில் மதியத்துக்கு மேல் நிழல் இல்லை.

காட்டுமுல்லை எழுதியது:

இரண்டையும் தனித்தனித் தொட்டியில் கொண்டுபோங்கள். எது தாங்கும் என்று நீங்களும் நானும் இங்கிருந்து முடிவு செய்ய வேண்டாம். அவர்கள் பார்த்துக் குறிக்கட்டும். தென்னங்கீற்றுப் பந்தல் போட அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஈரச்சாக்கு மூன்று அடுக்காகப் போடலாம். எழுதத் தெரியாதவர்களுக்காக ஒரு பக்கத்தில் வரைபடக் கட்டம் வரைந்து தருகிறேன்: ஈரத்துக்கு ஒரு துளி, இரு துளி, மூன்று துளி, சூட்டுக்கு வெயிலின் குறி, புழுவுக்கு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ ஒரு கோடு. வெள்ளிக்கிழமைக்குள் அஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். முதல் மாதக் குறிப்புகளை, எழுதியவர்கள் சம்மதித்தால், இந்த இழையிலேயே பதிவிடுங்கள்.